மின்சாரக் காரின் பழுதும் உடையவர் வழக்கும்

திருவாரூரினின்று நாகப்பட்டினம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கீழ்வேளூர்க் கடைத்தெருவருகே சிறிதுபோது நிற்போமாயின், நெல் மூட்டை ஏற்றிய லாரிகளும், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் செல்லும் யாத்திரிகர் வண்டிகளும் இரைந்து போவதற்கிடையே, யாதோர் ஓசையுமின்றி ஒரு கார் நழுவிச் செல்வதைக் காணலாம். எண் எழுதிய பலகை பச்சை நிறமாயிருத்தலின், அது மின்சாரக் கார் என்பதைச் சிறுவரும் அறிவர். அவ்வோசையின்மை அதன் சிறப்பாம். உடையவர்க்கு ஒரு தொல்லையும் அதுவேயாம். பெட்ரோல் வண்டி பழுதுறுமுன் இருமும், புகையும், நடுங்கும். நம்மூர் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்ட மாத்திரத்தில் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். மின்சாரக் காரோ நேற்று ஓடியது, இன்று ஓடாது. ஏன் என்று கேட்டால் கண்ணாடித் திரையில் ஒரு சிவப்பு எழுத்துத் தோன்றும், அவ்வளவே. பழுதின் சான்றெல்லாம் வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறியிலும், அதனின்று செய்தி வாங்கும் கம்பெனியின் கணிப்பொறியிலும் உறைகின்றது. இவ்வண்டியைக் குறித்து வழக்காடப் புகுவோர், தம் சாட்சியை எதிரியின் பெட்டியில் வைத்துப் பூட்டியவரை ஒப்பர்.

கீழ்வேளூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பணிக்கொடையாய்ப் பெற்ற பொருளினின்று 15 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு மின்சாரக் கார் வாங்கினார் என்று கொள்வோம். ஓராண்டு சென்றபின் அது வழியில் நிற்கத் தொடங்கிற்று. டீலர் மும்முறை வாங்கி வைத்து மும்முறை திருப்பித் தந்தார், குற்றம் நீங்கியபாடில்லை. அவர் யாது செய்யக்கூடும்? இவ்வினாவிற்கு விடை கூறவே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். சட்டத்தைக் கூறுமுன் பழுதின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்; ஏனெனில், எதனைக் குற்றம் என்று எழுதுவது என்றறியாமல் மனு எழுதுவோர் பலர்.

மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்கே உரியது. அது ஒரே பொருளன்று. நூற்றுக்கணக்கான, சில வண்டிகளில் ஆயிரக்கணக்கான, சிறு கலங்களின் கூட்டம். ஒவ்வொரு கலத்திலும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் ஒன்றையொன்று தொடாவண்ணம் நடுவே மெல்லிய ஒரு தடுப்புத் தோல் உண்டு. அத்தோல் மடிந்தாலும் கிழிந்தாலும் இருமுனையும் உள்ளே கூடிவிடும், சூடு பிறக்கும், ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைப் பற்றும், பின்னர்த் தீயை அணைத்தல் அரிதாகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் விற்ற செவ்ரோலே போல்ட் கார்களில் இதுவே நேர்ந்தது. எதிர்முனையின் நாக்கு கிழிந்திருத்தலும் தடுப்புத் தோல் மடிந்திருத்தலும் ஒரே கலத்தில் கூடியபொழுது தீப்பிடித்தது என்று கண்டனர். 2021-ல் அவ்வகைக் கார் அனைத்தையும், சுமார் 1,42,000 வண்டிகளை, திரும்ப அழைத்தனர். அதுவரையில் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தவேண்டா, இரவில் மின்னேற்றியபடி விட்டுவிடவேண்டா என்று உடையோரை எச்சரித்தனர். கலங்களைச் செய்த எல்.ஜி. கம்பெனியார் 190 கோடி டாலர் வரையில் ஈடு தர இசைந்தனர்.

இது கடல் கடந்த கதையென்று எண்ணற்க. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் கூட்டப்பெற்று 2019-ல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்சாரக் காரில், உயர் மின்னழுத்தப் பாட்டரியில் குறை இருக்கக்கூடும் என்று 2020 டிசம்பரில் 456 வண்டிகளை அக்கம்பெனியார் தாமே திரும்ப அழைத்தனர். அடுத்த ஆண்டில் உலகெங்கும் சுமார் 82,000 வண்டிகளுக்கு அவ்வழைப்பு விரிந்தது.

பாட்டரியைக் குறித்த இத்தகைய தொல்லை புதியதுமன்று. தாமஸ் ஆல்வா எடிசன் மின்சார வண்டிக்கென்றே நிக்கலும் இரும்பும் சேர்த்து ஒரு பாட்டரி செய்து விற்றார். அது கசியவும் வலுவிழக்கவும் தொடங்கவே, 1904-ல் உற்பத்தியை நிறுத்தி, விற்றவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பல்லாண்டு உழைத்து 1909-ல் திருத்திய பாட்டரியை வெளியிட்டார். அக்காலத்தில் அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்றும் இருந்ததில்லை.

பாட்டரி நலமாயிருந்தும் வண்டி நின்றுவிடுதல் உண்டு. மின்சாரக் காரில் ஓட்டத்திற்குரிய பெரிய பாட்டரியேயன்றி, விளக்கு, பூட்டு, கணிப்பொறி முதலியவற்றிற்கென 12 வோல்ட் சிறிய பாட்டரி ஒன்றும் உளது. பெரியது சிறியதற்கு ஊட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஊட்டும் கருவி கெடுமாயின், பெரிய பாட்டரியில் நிறைய மின்சாரம் இருந்தும் சிறியது வற்றி வண்டி நடுவழியில் நிற்கும். நிறைகுடத்தை வைத்துக்கொண்டு மொள்ளக் கலமின்றித் தவிப்பது போலாம். 2024 ஜூனில் ஹூண்டாய் ஐயோனிக் 5 வகையில் 1,744 கார்களை இக்கருவியின் பொருட்டே இந்தியாவில் திரும்ப அழைத்தனர். நம் ஆசிரியரின் வண்டி நின்றதற்கும் இத்தகையதொரு காரணம் இருக்கலாம். டீலர் சிறிய பாட்டரியை மட்டும் மாற்றித் தந்து அனுப்பினாராயின், நோயை விட்டு நோயின் குறிக்கு மருந்திட்டவராவர்.

ஒருமுறை மின்னேற்றினால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் கண்டு வாங்கி, அத்தனை ஓடக் காணாமல் வருந்துவோர் மிகப் பலர். விளம்பரத்திற் காணும் எண் பரிசோதனைச் சாலையில், வகுத்த வேகத்தில் உருளையின்மேல் ஓட்டிக் கண்ட எண்ணாம். சித்திரை வெயிலில் குளிர்சாதனத்தை முடுக்கி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, திருச்சி நெடுஞ்சாலையில் விரைவோர்க்கு அவ்வெண் கிட்டாது. எனினும் எவ்வளவு குறைந்தால் அது குற்றம் ஆகும்? 2021 மார்ச்சில் தில்லி அரசாங்கத்தார், 312 கிலோமீட்டர் என்று சான்று பெற்ற டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்னும் முறையீட்டின்மேல், அவ்வண்டிக்குத் தரும் மானியத்தை நிறுத்தி வைத்தனர். கம்பெனியார் உயர்நீதிமன்றம் சென்று அவ்வாணைக்கு இடைக்காலத் தடை பெற்றனர். சான்று தந்த பரிசோதனையை எடுத்துக்காட்டும் கம்பெனியை வெல்லுதல் எளிதன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் வாங்கியபொழுது ஓடிய தொலைவு ஈராண்டில் பாதியாயிற்று என்பது வேறு வழக்கு. பெரும்பாலான கம்பெனியார் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்றாற்போல் உத்தரவாதம் எழுதித் தருகின்றனர். கொள்ளளவு எத்தனை சதவீதத்திற்குக் கீழ்ப்படின் மாற்றித் தருவர் என்பது அவ்வுத்தரவாதப் பத்திரத்தில் இருக்கும். வாங்குமுன் படிக்கவேண்டிய வரி அதுவேயாம். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லுவது அதற்கு ஈடாகாது.

நம் டெல்டாவிற்கென்று தனியே ஓர் அச்சம் உளது. ஐப்பசி கார்த்திகை மழையில் வெட்டாறும் ஓடம்போக்கியும் பெருகி, வாசல்வரை நீர் வந்து நிற்றல் இங்குப் புதிதன்று. பாட்டரிப் பெட்டியை நீர் புகாவண்ணம் அடைத்திருப்பினும், அவ்வடைப்பு அளவிட்ட ஆழத்திற்கும் நேரத்திற்குமே உரியது. உவர்நீரோ இன்னும் கொடியது. உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும், உலர்ந்து பல நாள் கழிந்தபின்னும் தீ மூட்டும். 2022-ல் இயன் என்னும் புயல் அமெரிக்காவின் ப்ளோரிடா நாட்டில் கடல்நீரை ஊருக்குள் கொண்டுவந்தபொழுது, நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பின்னர்த் தீப்பற்றக் கண்டு தீயணைப்பு அதிகாரிகள் மக்களை எச்சரித்தனர். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட நாகை மாவட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூழ்கிய வண்டியின் கேடு உற்பத்திக் குற்றமன்று. அதற்கு வழி காப்பீட்டில்தான் உளது. மூழ்கிய வண்டியை முடுக்கிப் பார்க்காமல் காப்பீட்டுக் கம்பெனிக்கு உடனே எழுதவேண்டும். முடுக்கிப் பார்த்ததையே காரணங்காட்டி ஈட்டுத்தொகையை மறுக்க முயல்வதுண்டு.

இனிச் சட்டத்திற்கு வருவோம். வாங்குவோனே விழிப்பாயிருக்க என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. மோட்டார் கார் தோன்றியபின் அக்கொள்கை தளர்ந்தது. அமெரிக்காவில் பியூக் கம்பெனியின் கார் ஒன்றின் மரச்சக்கரம் ஆரம் உளுத்திருந்து நொறுங்க, காயமுற்றவர் வழக்கிட்டார். நாங்கள் டீலருக்கு விற்றோம், உமக்கு விற்கவில்லை. சக்கரமும் வேறொருவர் செய்தது என்றனர் கம்பெனியார். 1916-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கார்டோஸோ என்னும் நீதிபதி அவ்வாதத்தைத் தள்ளினார். குறையோடு செய்தால் ஆபத்து விளைவிக்கும் பொருளைச் செய்தவன், அதனைப் பயன்படுத்துவோர்க்குப் பொறுப்பாளி என்பது தீர்ப்பு. சக்கரத்தை நீக்கிப் பாட்டரிக் கலத்தை அவ்விடத்து வைப்பின் இன்றைய வழக்காம்.

இந்தியாவில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதனை நீக்கி எழுந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குற்றமுள்ள பொருள் எது என்பதற்கு அச்சட்டம் தரும் இலக்கணம் அகன்றது: சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ வேண்டப்பெறும் தரத்திற் குறைந்தது மட்டுமன்றி, விற்பவர் தாமே உரைத்த தரத்திற் குறைந்ததும் குற்றமுள்ள பொருளேயாம். ஆதலின் விளம்பரத் தாளையும் எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுக.

நம் ஆசிரியர்க்கு இச்சட்டம் செய்த பெரும் உபகாரம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தின்படி, எதிரி இருக்குமிடத்திலோ விற்பனை முதலியன நடந்தவிடத்திலோதான் வழக்கிடல் கூடும். சென்னையில் வாங்கியவர் சென்னைக்கு நடக்கவேண்டியிருந்தது. இப்பொழுதோ முறையீட்டாளர் வாழும் இடத்திலேயே வழக்கிடலாம். கீழ்வேளூரார்க்குச் சிக்கலைக் கடந்தால் நாகப்பட்டினம். அங்கே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உளது. (சிக்கல் என்றது ஊரை, வழக்கின் சிக்கலைக் கடப்பது வேறு.) கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றுமில்லை. நம் ஆசிரியரின் 15 லட்சத்திற்கு 400 ரூபாய். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. குறை தோன்றிய நாளினின்று ஈராண்டிற்குள் வழக்கிடுதல் மட்டும் தவறலாகாது. டீலர் மாதந்தோறும் அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லியே அவ்விரண்டாண்டும் கரைவதுண்டு.

வண்டியை வாடகைக்கு ஓட்டுவோர் நுகர்வோர் ஆவரோ என்று ஐயுறுவர். வாணிகத்தின் பொருட்டு வாங்குவோர்க்குச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் தம் கையாலுழைத்துப் பிழைப்பதற்கென வாங்குவோர்க்கு விலக்கு உண்டு. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிட்யூட் ஓர் இயந்திரத்தின் பொருட்டு எதிரியாயிருந்த லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில், 1995-ல் உச்சநீதிமன்றம் இதனை விளக்கிற்று. காரோ ஆட்டோவோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். முழுதும் பிறரை வைத்து ஓட்டுவோர் அல்லர். எனவே வேளாங்கண்ணி யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் கீழ்வேளூர் டாக்ஸிக்காரர் தம் மின்சாரக் காரின் பொருட்டு நாகப்பட்டினத்தில் வழக்கிடலாம். நான்கு வண்டி வாங்கி நான்கு டிரைவர் வைத்திருப்போர்க்கு உரிமையியல் நீதிமன்றமே கதி.

வேண்டுகோள் இருவகைத்து, இவ்விரண்டையும் குழப்புதல் கூடாது. வண்டியே கெட்டதென்றால், குறையை நீக்குக, அல்லது வேறு வண்டி தருக, அல்லது விலையைத் திருப்பித் தருக என்று கேட்கலாம். உற்ற துன்பத்திற்கு ஈடும் கேட்கலாம். வண்டியின் கேட்டால் உடலுக்கோ உயிர்க்கோ பிற உடைமைக்கோ தீங்கு நேர்ந்ததென்றால், அது பொருட்பொறுப்பு என்னும் தனி அத்தியாயத்தின்கீழ் வரும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்ற வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்ற, புகையால் தந்தையும் மகளும் இறந்தனர். அத்தகைய கொடுமைக்கு வழி காட்டவே அவ்வத்தியாயம் அமைந்தது. உற்பத்திக் குறையோ, அமைப்பிலேயே குறையோ, எச்சரிக்கை போதாமையோ காட்டினால் போதும். உத்தரவாதம் எழுதித் தந்தபின் அது பொய்த்ததாயின், யாம் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று செய்தவர் மெய்ப்பித்தும் தப்புதல் இயலாது. ஆனால் பொருளுக்கே உண்டான கேட்டை அவ்வத்தியாயம் தீங்கு என்று கொள்ளாது. எரிந்த கூரைக்கு அவ்வழி, எரிந்த காருக்கு முன்வழி.

இனிச் சான்று, வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். 2006-ல் மாருதி கம்பெனி வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், உத்தரவாதம் பழுதான உறுப்பை மாற்றித் தருவதற்கே ஆயின் வண்டி முழுதையும் மாற்றித் தரும்படி ஆணையிடல் ஆகாது என்றது. கம்பெனியார் கையிற் கேடயமாய் ஏந்துவது இத்தீர்ப்பையே. எனவே முழு வண்டியை வேண்டுவோர், குறை ஓர் உறுப்பின் தேய்வன்று, செய்கையிலேயே உள்ளது என்று காட்டவேண்டும். இதனை எதிர்நோக்கியே சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பார்வையால் அறியவியலாத குறையைத் தக்க பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப ஆணையத்திற்கு இடந்தருகின்றது. பரிசோதனைச் செலவை முதலில் முறையீட்டாளரே கட்டவேண்டியிருத்தல் வருந்தத்தக்கது. எனினும் ஓர் ஆறுதல் உண்டு. மோதலில் காற்றுப்பை விரியாத ஹூண்டாய் காரைப் பற்றிய வழக்கில், 2022-ல் உச்சநீதிமன்றம், மோதிய வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுக் காட்டும் விஞ்ஞானியாக நுகர்வோர் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தல் தகாது என்று கூறி, வண்டியை மாற்றித் தரும் ஆணையை நிலைநிறுத்திற்று. காற்றுப்பைக்குச் சொன்ன இந்நியாயம் பாட்டரிக்கும் ஒக்கும் என்று யாம் கருதுகின்றோம்.

தொடக்கத்திற் சொன்ன பூட்டிய பெட்டியைத் திறக்கவும் அப்பிரிவிலேயே திறவுகோல் உளது. பத்திரங்களையும் பொருள்களையும் முன்வைக்கும்படி எதிரிக்கு ஆணையிட உரிமையியல் நீதிமன்றத்திற்கு உள்ள அதிகாரம் ஆணையத்திற்கும் தரப்பெற்றுள்ளது. ஆதலின் மனுவிலேயே, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இவ்வண்டியின் பாட்டரியைப் பற்றிக் கம்பெனியிடம் உள்ள பதிவுகள் அனைத்தையும், இன்ன நாளில் வண்டிக்குள் ஏற்றிய மென்பொருள் மாற்றத்தின் விவரத்தையும் முன்வைக்க ஆணையிடுமாறு வேண்டுதல் நன்று. இவ்வேண்டுகோளின்றி வரும் மனுக்கள் டீலரின் ஒருவரிச் சான்றுக்கு முன் தளர்ந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023-ல் இயற்றிய பாட்டரிச் சட்டத்தில், பாட்டரியின் நலத்தைக் காட்டும் பதிவை வாங்கியவரே படித்துக்கொள்ளும் உரிமையை எழுதிவைத்தனர். அவ்வுரிமை நம் நாட்டு வாகன விதிகளிலும் வெளிப்படையாக எழுதப்பெறல் வேண்டும் என்பது எம் கருத்து.

அதுவரையில் ஆசிரியர் தம் சான்றைத் தாமே படைத்துக்கொள்ளுதல் வேண்டும். வண்டி நிற்கும்பொழுதெல்லாம் திரையில் தோன்றும் எழுத்தைக் கைப்பேசியிற் படம் பிடிக்க. அதில் கிலோமீட்டர் எண்ணும் விழட்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் விடும்பொழுது, பொதுப் பரிசோதனை என்று எழுதிக்கொள்வார்கள்; அதற்கு இசையாமல், நடுவழியில் நின்றது, இத்தனையாம் முறை என்று ஜாப் கார்டில் எழுதுவித்துப் பிரதி வாங்குக. மும்முறை விட்டதற்கு மூன்று ஜாப் கார்டு இருப்பின், அவை மூன்று சாட்சிகளுக்கு ஒப்பாம். பின்னர் டீலர்க்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புக. டீலர் செய்த வஞ்சனைக்குத் தான் அறியாத கம்பெனி பொறுப்பாகாது என்று 2021-ல் உச்சநீதிமன்றம் ஒரு டாடா மோட்டார்ஸ் வழக்கில் கூறியிருத்தலின், இருவர்க்கும் எழுதுதல் இன்றியமையாதது.

ஒருவர் குறை பலர் குறையாயின் வேறொரு வாயிலும் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவும், 2021 ஏப்ரல் முதல் வந்த விதியும், குறிப்பிட்ட விகிதத்தில் முறையீடு வந்தால் அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு கம்பெனிக்கு ஆணையிட மத்திய அரசாங்கத்திற்கு அதிகாரம் தருகின்றன. ஏழாண்டிற்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும். தண்டம் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லும் முறையீடும் வீண்போவதன்று. ஓலா மின்சார ஸ்கூட்டரைக் குறித்து ஓராண்டில் அங்குச் சேர்ந்த 10,644 முறையீடுகளைக் கொண்டே, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அக்கம்பெனிக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பிற்று. எனினும் அவ்வெண்ணில் முறையிடுதல் வழக்கிடுதல் ஆகாது. ஈராண்டுக் கெடு அதனால் நிற்பதில்லை.

மாவட்ட ஆணையம் மூன்று மாதத்திலும், பரிசோதனை வேண்டின் ஐந்து மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்கின்றது சட்டம். நடைமுறையில் அதனினும் நெடுங்காலம் செல்லுதலை வழக்காடினோர் அறிவர். தீர்ப்பிற்குப்பின் 45 நாளுக்குள் கம்பெனியார் மாநில ஆணையத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கொடுக்கச் சொன்ன தொகையிற் பாதியைக் கட்டிய பின்னரே அது ஏற்கப்படும். இக்காலமெல்லாம் வண்டியை விற்றுவிடலும், வெளியார் கையால் பாட்டரிப் பெட்டியைத் திறப்பித்தலும் ஆகா. திறந்த பெட்டியைக் காட்டி, மாற்றியமைக்கப்பட்ட பொருள் என்று விற்றவர் விலகிக்கொள்வர். பரிசோதனைச் சாலையார்க்கும் பார்க்க ஒன்றும் எஞ்சியிராது. ஓடாத வண்டியாயினும் வாசலில் நீர் தேங்காத மேட்டில், வீட்டுச் சுவரினின்று சற்று விலக்கி, நிறுத்தி வைக்க.